சூப்பர்சார்ஜர் போட்டதும் பெட்ரோல் போதவில்லை: என் அனுபவம்

டெக்சாஸில் நான் ஓட்டும் பழைய வி8 பிக்கப் டிரக்கில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்தினேன்; அது தரும் கூடுதல் அழுத்தம் (பூஸ்ட்) 8 பிஎஸ்ஐ. மிதமாக ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி 4500 ஆர்பிஎம் தாண்டியதும் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-லிருந்து 13-க்கு ஏறியது; அதாவது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை. பூஸ்ட்டில் அப்படி ஓடினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டனே போய்விடும். உடனே காலை எடுத்தேன்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைக் கொண்டுபோகும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் 58 பிஎஸ்ஐ இருக்க வேண்டியது 46-க்கு இறங்கியது. எதிர்ப்பக்கம், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில், 8 பிஎஸ்ஐ தள்ளுகிறது. ஆக, இன்ஜெக்டருக்கு மிஞ்சியது 38தான்.

பின்பக்கச் சரக்குப் பெட்டியைக் கழற்றி, டேங்குக்குள் பெரிய பம்ப் மாட்டினேன். (பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள்.) அப்புறமும் அழுத்தம் நிற்கவில்லை. மல்டிமீட்டரைப் பம்ப் கனெக்டரில் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: ஆல்டர்னேட்டரில் 13.9 வோல்ட், பம்பில் 11.4. மெல்லிய பழைய வயர் இரண்டரை வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக தடிமனான 10 கேஜ் வயரை நேராக இழுத்து, எர்த்தையும் புதிதாகப் போட்டேன். 13.5 வந்தது. என்னைக் கேட்டால், பம்ப் வாங்கும் முன்பே இதைச் சோதிக்க வேண்டும்.

இன்ஜெக்டர் கணக்கு இது: 500 ஹார்ஸ்பவர், ஒவ்வொரு ஹார்ஸ்பவருக்கும் மணிக்கு 0.65 பவுண்டு பெட்ரோல், எட்டு இன்ஜெக்டர், 85 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு). ஒன்றுக்கு மணிக்கு 48 பவுண்டு வருகிறது, 60 எடுத்தேன். பூஸ்ட் ஏற ஏற அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும் ரெகுலேட்டர், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இரண்டும் சேர்த்தேன். புதிய இன்ஜெக்டர் விவரங்களை டியூனில் (இன்ஜின் கணினியின் அமைப்பில்) ஏற்றியபின் 6000 ஆர்பிஎம் வரை விகிதம் 11.5-லேயே நிற்கிறது.