சூப்பர்வைசர் சிப்பை நிரல்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் போன வாரம் ஒரு போர்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சிப் என்பது போர்டின் வோல்டேஜ்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் அணைத்துவிடும் சிப். அதில் ஒரு வோல்டேஜ் எல்லையை மாற்ற வேண்டும். லினக்ஸிலிருந்து சிப்பில் நேரடியாக எழுதும் ஐ2சிசெட் கட்டளை "சாதனம் வேலையில் இருக்கிறது" என்று மறுத்தது. ஒருவர் கொஞ்சமும் யோசிக்காமல், மறுப்பை மீறி எழுதவைக்கும் மைனஸ் எஃப் சேர்த்து மறுபடி அடித்தார். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம். அன்று போன போர்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வயரை மாற்றிச் சொருகுவது, முகவரியைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் நடப்பவைதான் ஆபத்து.

டிரைவருக்குத் தெரியாமல் பேஜை மாற்றுவது

பி.எம்.பஸ் என்பது பவர் சிப்களோடு பேசும் பொது நெறிமுறை. அந்தச் சிப்களில் ஒரே முகவரிக்குள் பல ரெயில்கள், அதாவது தனித்தனி வோல்டேஜ் வழிகள், இருக்கும். எல்டிசி2978 என்ற சூப்பர்வைசர் சிப் என்றால் எட்டு. எந்த ரெயிலிடம் பேசுகிறோம் என்பதை பேஜ் ரெஜிஸ்டர் முடிவு செய்கிறது. முதலில் பேஜை எழுத வேண்டும், அப்புறம் எல்லையை எழுத வேண்டும். ஆக, இது இரண்டு தனித்தனிப் பரிமாற்றம். இரண்டுக்கும் நடுவே வேறு யாராவது பேஜை மாற்றிவிட்டால், நம் மதிப்பு வேறொரு ரெயிலில் போய் உட்காரும்.

அந்த "வேறு யாராவது" பெரும்பாலும் லினக்ஸ் டிரைவர்தான். அது தனக்குள் ஒரு பூட்டு வைத்துக்கொண்டு, பேஜையும் அடுத்த கட்டளையையும் சேர்த்தே முடிக்கும். வெளியிலிருந்து மைனஸ் எஃப் போட்டு வருகிறவருக்கு அந்தப் பூட்டு பொருந்தாது. போதாததற்கு, கடைசியாகத் தான் எழுதிய பேஜை டிரைவர் நினைவில் வைத்திருக்கும். அதே பேஜ் மறுபடி தேவைப்பட்டால் திரும்ப எழுதாது. நாம் இடையில் மாற்றியிருந்தால், கோர் ரெயில் (பிராசஸரின் மையப் பகுதிக்கான ரெயில்) என்று நினைத்து 3.3 வோல்ட் ரெயிலைப் படித்துக் காட்டும்.

எனக்கு நடந்தது இது. 3.3 வோல்ட் ரெயிலின் மேல் எல்லையை 3.63 வோல்ட்டாக மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: பேஜை எழுது, எல்லையை எழுது, திரும்பப் படித்துச் சரிபார், ஸ்டோர் செய் (சிப்பின் நிரந்தர நினைவகத்தில் பதி). பின்னணியில் ஒரு கண்காணிப்பு நிரல் நொடிக்கு ஒருமுறை எல்லா ரெயில்களையும் படித்துக்கொண்டிருந்தது. நான் பேஜை எழுதியதற்கும் எல்லையை எழுதியதற்கும் நடுவே, அது கடைசியாக 1.0 வோல்ட் கோர் ரெயிலைப் படித்துவிட்டு நின்றது. என் 3.63 கோர் ரெயிலில் விழுந்தது. திரும்பப் படித்ததும் அதே ரெயிலிலிருந்துதான், அதனால் மதிப்பு கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்கிரிப்ட் "சரி" என்றது. ஸ்டோரும் ஆகிவிட்டது.

கீழ் எல்லையை மாற்றியிருந்தால் போர்டு அப்போதே அணைந்து என்னைக் காப்பாற்றியிருக்கும். மேல் எல்லை உயர்ந்ததால் எதுவும் நடக்கவில்லை. கோர் ரெயிலுக்கு இருந்த பாதுகாப்பு மட்டும் போய்விட்டது. சில நாள் கழித்து அந்த ரெகுலேட்டர் பழுதாகி வோல்டேஜ் ஏறியபோது சூப்பர்வைசர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பிராசஸர் கருகிவிட்டது.

இன்றும் என்னை உறுத்துவது வேறொன்று. அன்று 3.3 வோல்ட் ரெயிலின் எல்லையை, டிரைவர் மதிப்புகளைக் காட்டும் ஹெச்.டபிள்யூ.மான் கோப்பில் பார்த்தேன். பழைய மதிப்பே இருந்தது. எல்லை மதிப்புகளை டிரைவர் ஒருமுறை படித்துச் சேமித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பழையது தெரிகிறது என்று விட்டுவிட்டேன். உண்மையில் சிப்பிலேயே பழையதுதான் இருந்தது. கண்ணெதிரே வந்த ஒரே எச்சரிக்கையை நானே விளக்கம் சொல்லித் தள்ளிவிட்டேன்.

டிரைவர் காட்டும் எல்லைகளை அதன் கோப்புகள் வழியாகவே மாற்றுங்கள். அதில் இல்லாத ரெஜிஸ்டரைத் தொட வேண்டுமென்றால், முதலில் அன்பைண்ட் செய்து டிரைவரை விலக்குங்கள், வேலையை முடியுங்கள், பிறகு மறுபடி பைண்ட் செய்யுங்கள். சரிபார்க்கும்போது எழுதிய ரெஜிஸ்டரை மட்டும் படித்தால் போதாது. பேஜை மறுபடி எழுதி, எல்லா ரெயில்களின் எல்லைகளையும் படித்துப் பாருங்கள். சில சிப்களில் பேஜையும் மதிப்பையும் ஒரே பரிமாற்றத்தில் அனுப்பும் "பேஜ் ப்ளஸ் ரைட்" கட்டளை உண்டு. இருந்தால் அதுவே நல்லது.

சோதிக்கும் முன்பே ஸ்டோர் செய்வது

எழுதும் மதிப்பு முதலில் சிப்பின் ரேமுக்குத்தான் போகிறது. தப்பாகிவிட்டால் பவரை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தால் பழைய நிலை வந்துவிடும். ஸ்டோர் செய்துவிட்டால் அந்த வழி அடைபடும். டிரைவர் ஓடும் பிராசஸரின் பவரையே இந்தச் சிப்தான் கட்டுப்படுத்துகிறது என்றால், நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதைதான்: ஒரு தப்பான கீழ் எல்லை ஸ்டோர் ஆனால் போர்டு இனி எழாது, திருத்துவதற்கு டிரைவரும் ஓடாது. வெளியிலிருந்து புரோகிராமர் செருக ஒரு கனெக்டர் இல்லாத போர்டில் ஸ்டோர் கட்டளையை நான் தொடவே மாட்டேன். ஸ்டோர் நடக்கும் நேரத்தில் பவரை எடுக்கவும் கூடாது.

அடுக்கெண்ணை ஊகிப்பது

வெளியீட்டு வோல்டேஜ் 2-இன் அடுக்கால் பெருக்கப்படும் முழு எண்ணாகப் போகிறது. அந்த அடுக்கு வி-அவுட் மோட் ரெஜிஸ்டரில் இருக்கும். எல்டிசி2978-இல் அது மைனஸ் 13, 3.3 வோல்ட் என்றால் 27034. அதே எண்ணை மைனஸ் 12 உள்ள சிப்புக்கு அனுப்பினால் 6.6 வோல்ட் ஆகிவிடும். வேறு போர்டின் ஸ்கிரிப்டை எடுத்துப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மில்லிவோல்ட்

ஹெச்.டபிள்யூ.மான் கோப்பில் 3.3 அல்ல, 3300.

எண்ணைப் பார்த்து ரெயிலைத் தீர்மானிப்பது

எல்டிசி2978-இன் ஹெச்.டபிள்யூ.மான் கோப்புகளில் இன்1 என்பது உள்ளீட்டு வோல்டேஜ். பேஜ் 0 இன்2-இல் வரும். லேபிள் கோப்பைப் படியுங்கள்.

ஃபால்ட் குறிப்பைத் தொலைப்பது

போர்டு ஏன் அணைந்தது என்று தேடும்போது அவசரப்பட்டு டிரைவரை ஏற்றாதீர்கள். பி.எம்.பஸ் டிரைவர் தொடங்கும்போதே, பதிவான பழுதுகளை அழிக்கும் கிளியர் ஃபால்ட்ஸ் கட்டளையை அனுப்பிவிடும். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்களில் என்ன பதிவாகியிருந்தது என்பதை அதற்கு முன்பே, டிரைவர் இல்லாத நிலையில், ஒவ்வொரு பேஜாகப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.