வினா வங்கி மென்பொருள்: முதல் அட்டவணையிலிருந்து

பல கல்லூரித் துறைகளில் பழைய தேர்வு வினாக்கள் வேர்டு கோப்புகளில் முடங்கிக் கிடக்கின்றன. ஒரே ஒரு வினாவைத் தேடப் பத்து வினாத்தாள்களைத் திறந்து மூட வேண்டும். இதற்கு மாற்றாக வினா வங்கி ஒன்றை உருவாக்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் திரை வடிவமைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். தரவுத்தளத்திலிருந்து தொடங்கினால் பின்னால் பாதி வலி குறையும். அட்டவணை என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும், தொடரலாம்.

படி 1: எதைச் சேமிக்கிறோம்?

வினாத்தாளை அல்ல, தனி வினாவை. வினாத்தாள் என்பது எந்த வினா, எந்த வரிசையில், எத்தனை மதிப்பெண்ணுக்கு என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. ஒரே பத்தியை வைத்து நான்கு வினாக்கள் கேட்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பத்திக்குத் தனி அட்டவணை போடுங்கள். இல்லையென்றால் அதை நான்கு இடங்களில் நகலெடுத்து, மூன்றில் மட்டும் திருத்துவீர்கள்.

படி 2: பதிப்புகளைப் பிரியுங்கள்

இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒரு பல்தேர்வு வினாவைப் பார்ப்போம்: "4, 8, 6, 10 ஆகியவற்றின் இடைநிலை எது?" விடை 7. வினா சரிதான், ஆனால் உதவாது. இடைநிலைக்குப் பதில் சராசரி கண்டவருக்கும் 7 வரும். எண்களை வரிசைப்படுத்தாமல் நடுவிலுள்ள 8, 6 இரண்டையும் கூட்டி வகுத்தவருக்கும் 7 வரும். எப்படித் தவறு செய்தாலும் மதிப்பெண் நிச்சயம்!

எண்களை 4, 14, 6, 8 என்று மாற்றுகிறோம். இடைநிலை அதே 7, சராசரி 8, வரிசைப்படுத்த மறந்தவருக்கு 10. பழைய வரியின் மேலேயே இதை எழுதிவிட்டால் என்ன ஆகும்? சென்ற ஆண்டு 120 பேரில் 108 பேர் சரியாக எழுதினார்கள் என்ற கணக்கு, அவர்கள் பார்த்தே இராத வினாவோடு ஒட்டிக்கொள்ளும். மறுமதிப்பீடு கேட்டு ஒரு மாணவர் வந்தால், அவர் எழுதிய வினாவே உங்களிடம் இருக்காது.

ஆகவே இரண்டு அட்டவணைகள் வேண்டும். 'வினா' அட்டவணையில் மாறாத அடையாள எண்ணும் உரிமையாளரும் இருக்கட்டும். 'பதிப்பு' அட்டவணையில் வினாவின் சொற்கள், விடைக்குறிப்பு, எழுதியவர், தேதி. ஒரு பதிப்பு தேர்வில் இடம்பெற்றதும் அதைப் பூட்டிவிடுங்கள். பிறகு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் புதிய பதிப்புதான். 2002இல் வெளியான மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளே 2022இல் வந்த 4.0 பதிப்பில்தான் வினாக்களுக்குப் பதிப்பு வரலாற்றைச் சேர்த்தது. நீங்கள் முதல் நாளே செய்துவிடலாம்.

விடைத் தேர்வுகளையும் தனித்தனி வரிகளாகச் சேமியுங்கள். ஒவ்வொன்றோடும் "இந்தத் தவறு ஏன் வரும்" என்று ஒரு குறிப்பு இருக்கட்டும். "மேற்கண்ட அனைத்தும்" என்ற தேர்வு இருந்தால், அந்த வினாவில் வரிசையைக் கலைக்கக் கூடாது என்பதற்கும் ஒரு புலம் தேவை. சூத்திரங்களைப் படமாக வைக்காமல் லேடெக் (சூத்திரங்களை எழுத்துக் குறியீடுகளாக எழுதும் முறை) வடிவில் எழுதினால் தேடவும் திருத்தவும் முடியும்.

படி 3: விவரங்களைக் குறைத்துக் கேளுங்கள்

பாடம், அலகு, மதிப்பெண் ஆகிய மூன்றை மட்டும் கட்டாயமாக்குங்கள். பன்னிரண்டு பெட்டிகளை நீட்டினால், ஆசிரியர்கள் எல்லாவற்றிலும் முதல் தேர்வையே அழுத்திவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடினத்தன்மையை யாரிடமும் கேட்காதீர்கள், கணக்கிடுங்கள். சரியாக எழுதியவர்களை மொத்தத் தேர்வர்களால் வகுத்தால் 108/120 = 0.9, அதாவது மிக எளிது. மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடுவது இன்னொரு அளவு. 100 பேரில் மேலே உள்ள 27 பேரில் 24 பேரும், கீழே உள்ள 27 பேரில் 9 பேரும் சரியாக எழுதியிருந்தால், (24−9)/27, ஏறத்தாழ 0.56. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் வினா நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. இது எதிர்மறையாக வந்தால், மாணவர்களைச் சந்தேகிக்கும் முன் விடைக்குறிப்பைப் பாருங்கள்.

படி 4: பகிர்வும் பூட்டும்

வரைவு, சரிபார்ப்பு, ஒப்புதல், தேர்வுக்கு ஒதுக்கியது, வெளியானது என்று ஐந்து நிலைகள் போதும். எழுதியவரே ஒப்புதல் தரக் கூடாது. தேர்வுக்கு ஒதுக்கிய வினா, தேர்வு முடியும்வரை வினாத்தாள் அமைப்பவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. திரையில் வினாவை மறைத்துவிட்டு, தேடலில் மட்டும் "3 முடிவுகள்" என்று காட்டிவிடுவார்கள். அந்தத் தலைப்பில் ஏதோ வரப்போகிறது என்பதற்கு அந்த எண்ணே போதும். அனுமதிச் சோதனை, தரவைக் கேட்டுத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளைக்குள்ளேயே (query) நடக்க வேண்டும். யார் திருத்தினார் என்பதோடு, யார் திறந்து பார்த்தார் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

படி 5: வெளியே அனுப்புதல்

வேறு மென்பொருள்களோடு வினாக்களைப் பரிமாற க்யூடிஐ என்ற பொதுத்தரம் இருக்கிறது. தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் அடிப்படையிலானது, கற்க நாள் பிடிக்கும். தொடக்கத்துக்கு மூடுல் படிக்கும் கிஃப்ட் என்ற எளிய வடிவம் போதும்:

`4, 14, 6, 8 ஆகியவற்றின் இடைநிலை எது? {=7 ~8#இது சராசரி ~10#முதலில் வரிசைப்படுத்துங்கள்}`

சரியான விடைக்கு =, தவறானதற்கு ~, பின்னூட்டத்துக்கு #. வினாவுக்குள்ளேயே சமக்குறி வந்தால் அதன் முன் \ இட வேண்டும். இல்லையென்றால் வாசிக்கும் மென்பொருள் குழம்பும். சமக்குறியும் அடைப்புக்குறியும் நிறைந்த ஒரு சமன்பாட்டு வினாவை ஏற்றுமதி செய்து, அதே கோப்பை மீண்டும் இறக்குமதி செய்யுங்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே திரும்பி வந்தால், சக ஆசிரியர் ஒருவரிடம் இருபது வினாக்களைக் கொடுத்துப் பதிவேற்றச் சொல்லலாம்.