லப்டொப்பில் ஸ்டிக்கர்: ஒட்டுவதற்கு முன் உரிப்பதை யோசியுங்கள்

ஸ்டிக்கரை ஒட்டும் அன்று லப்டொப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வருடம் கழித்து அதை உரிக்கும்போதுதான் பெயின்ட் பெயர்ந்து வரும், பசை பிசுபிசுவென்று தங்கும், பொறுமை போய்க் கத்தி முனையால் சுரண்டத் தோன்றும். என்ன ஸ்டிக்கர், எந்தப் பசை, எந்த இடம் என்ற மூன்றையும் உரிக்கப்போகும் நாளை மனதில் வைத்தே தீர்மானிக்க வேண்டும். திருகோணமலையில் இதற்கு மேல் மூன்று தொல்லைகள் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கை பசையை இளக்கும். மாரி மழையின் ஈரம் கடுதாசி ஸ்டிக்கரை ஊதவைக்கும். வருடம் முழுக்க உடுப்பிலும் பையிலும் ஒட்டி வரும் கடற்கரை மண் என்ன செய்யும் என்பதை ஒட்டும் கட்டத்தில் பார்ப்போம். மூன்றிலும் மோசமானது அதுதான்.

முதலில் மூடியைத் தடவிப் பாருங்கள்

மேல்மூடி எதனால் ஆனது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. மக்புக் போன்றவற்றின் அனடைஸ் செய்த அலுமினியம் ஸ்டிக்கருக்கு மிக நல்ல பரப்பு. நிறம் உலோகத்தின் மேற்படையோடு சேர்ந்தே இருப்பதால் பசையோடு உரிந்து வராது. பெயின்ட் அடிக்காத, நிறம் கலந்து வார்த்த பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. வெள்ளியாகவோ பொன்னிறமாகவோ பெயின்ட் பூசிய பிளாஸ்டிக் மூடிகளில் கவனம் வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருப்பது அதுதான். அந்தப் பூச்சு மெல்லியது. கடும் பசை அதைத் துண்டு துண்டாகக் கிளப்பிவிடும்.

நாலாவது வகை, தொட்டால் றப்பர்போல மெத்தென்று இருக்கும் பூச்சு. அதில் எதையும் ஒட்டாதீர்கள். அது பொலியூரித்தேன் பூச்சு. வெக்கையும் ஈரமும் சேரும்போது மெல்ல மெல்லச் சிதைந்து, சில வருடத்தில் விரலில் ஒட்டத் தொடங்கும். நம் ஊர்க் காலநிலையில் இது விரைவாக நடக்கும். ஏற்கெனவே ஒட்டத் தொடங்கிய மூடியில் ஸ்டிக்கர் போட்டால், உரிக்கும்போது பூச்சு முழுவதும் அதோடு வரும்.

எந்த வகை என்று சந்தேகமா? அடிப்பக்கத்து மூலையில், அதே பூச்சு உள்ள இடத்தில், பெயின்டர்கள் பாவிக்கும் மாஸ்கிங் டேப்பில் ஒரு அங்குலத் துண்டை ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். மெதுவாக உரித்து, டேப்பின் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நிறத்துகள் தெரிந்தால் அந்த மூடிக்கு ஸ்டிக்கர் சரிவராது. கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்கி அதன்மேல் எதை வேண்டுமானாலும் ஒட்டுங்கள். ஆனால் கவர் காற்றுத் துவாரத்தை மறைக்கிறதா, பிணைச்சலுக்குப் பாரமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது

கடுதாசி ஸ்டிக்கர் வேண்டாம். பை உரசி நிறம் போகும், ஈரத்தில் ஊதும், உரித்தால் மேல்தாள் மட்டும் கிழிந்து வந்து வெள்ளைக் கடுதாசியும் பசையும் மூடியிலேயே நிற்கும். வினைல் (பிவிசி) ஸ்டிக்கர் ஒரே துண்டாக இழுபட்டு வரும்.

வினைலிலும் பசை இரண்டு வகை. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் வழக்கமாக வைத்திருப்பது வெளியே வெயில் மழையில் கிடக்க வேண்டிய நிரந்தரப் பசை ரோல். முச்சக்கரவண்டிக்கு அது சரி, லப்டொப்புக்குக் கூடுதல். ‘ரிமூவபிள்’ பசை உள்ள வினைலைக் கேளுங்கள். ஒராகல் என்ற பிராண்டின் வினைல் ரோல் பாவிக்கும் கடையானால் இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம்: 651 நிரந்தரம், 631 கழற்றக்கூடியது. 631 மினுக்கம் இல்லாத மட் வகை. விரல் அடையாளம் அதில் அவ்வளவாகத் தெரியாது என்பது கூடுதல் நன்மை.

ஏற்கெனவே கையில் இருக்கும் ஸ்டிக்கர்களின் பசை எதுவென்று தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. ரிமூவபிள் பசை உள்ள தெளிவான வினைலையோ முழு மூடிக்கான ‘ஸ்கின்’ ஒன்றையோ முதலில் போட்டு, அதன்மேல் மற்றவற்றை ஒட்டுங்கள். பிறகு ஒரே இழுப்பில் எல்லாமே வந்துவிடும். பத்துக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட நினைப்பவர்கள் யோசிக்காமல் இதையே செய்யலாம்.

பெயரையோ ஊரையோ வெட்டெழுத்தாகச் செய்விப்பவர்கள் புள்ளியைக் கவனியுங்கள். வெட்டும் மெசின் புள்ளியைத் தனித் துண்டாக வெட்டும். எழுத்துச் சின்னதென்றால் அந்தப் புள்ளி, வெட்டிய எழுத்தைத் தூக்கி மூடிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப்பில் ஏறாமல் அடித்தாளிலேயே நின்றுவிடும், அல்லது ஒரு வாரத்தில் பைக்குள் உதிரும். புள்ளி 3 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கோடுகள் 2 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்கும்படி எழுத்தைப் பெருப்பிக்கச் சொல்லுங்கள். திருகோணமலை, நிலாவெளி என்று வெட்டுபவர்கள் தப்பினார்கள், புள்ளியே இல்லை. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் உப்புவெளிக்கும் ஒவ்வொரு புள்ளி உண்டு. சின்னதாகத்தான் வேண்டுமென்றால் வெட்டெழுத்தை விட்டுவிட்டு, தெளிவான வினைலில் அச்சடித்து ஒரே துண்டாக வெட்டுவது மேல்.

மூலைகள் கூராக இருந்தால் பையில் உரசி முதலில் கிளம்புவது அவைதான். 3 முதல் 5 மில்லிமீற்றர் வளைவு விட்டு வெட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை. திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமானின் கொம்பு, திமிங்கிலத்தின் வால் போன்ற நுனிகள் உள்ள படமானால், உருவத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

ஒட்டக்கூடாத இடங்கள்

காற்றுத் துவாரங்கள், ஸ்பீக்கர், மைக் துளை ஆகியவற்றை மறைக்கக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். பலர் மறப்பது அடிப்பக்கத்தை. அநேக லப்டொப்கள் அங்கிருந்துதான் குளிர்காற்றை இழுக்கின்றன. சீரியல் இலக்கம் அச்சிட்ட இடத்தை மூடினால் உத்தரவாதத்துக்குக் கொடுக்கும்போது சிக்கல். இரண்டு பாகங்கள் சேரும் பொருத்துக்கோட்டுக்குக் குறுக்கே ஒட்டினால், திருத்துபவர் திறக்கும்போது உங்கள் ஸ்டிக்கரைத்தான் முதலில் கிழிப்பார்.

உலோக மூடியில் பிளாஸ்டிக் கீற்று ஒன்று தெரிந்தால் அதன் உள்ளே வைஃபை அன்டனா இருக்கக்கூடும். அதன்மேல் வெள்ளித்தகடு போல மின்னும் ஸ்டிக்கரை ஒட்டினால் சிக்னல் குறையும். காந்தம் வைத்த அலங்காரப் பொருட்களும் வேண்டாம். மூடி மூடியிருக்கிறதா என்று லப்டொப் அறிவது பெரும்பாலும் காந்த உணரியால்தான். திறந்திருக்கும்போதே திரை அணைந்துபோகலாம். கைவைக்கும் பகுதியில் தடித்த, குமிழ்போல எழும்பிய ஸ்டிக்கர் ஒட்டினால் மூடும்போது அது திரையை அழுத்தும். கமராவை மறைக்கும் கவருக்கும் அதே ஆபத்து உண்டு. மக்புக்கில் அது சாதாரண அச்சுத்தாளின் தடிப்பை, அதாவது 0.1 மில்லிமீற்றரை, தாண்டக்கூடாது என்பது அப்பிள் நிறுவனத்தின் அறிவுறுத்தல்.

ஒட்டும் நாள்

லப்டொப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அது ஆறும்வரை விடுங்கள். பிறகு திறந்து, கீபோர்ட்டையும் கைவைக்கும் இடத்தையும் மென்மையான தூரிகையால் துப்பரவு செய்யுங்கள். மண் செய்யும் வேலை இங்கேதான். ஸ்டிக்கர் ஒட்டும்போது மூடியை வெளியிலிருந்து அழுத்துகிறீர்கள். உள்ளே கீபோர்ட்டுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு மணல் பரல் கிடந்தால் போதும், அந்த அழுத்தம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கித் திரை கீறும், வெடிக்கவும் கூடும். ஸ்டிக்கரால் வரக்கூடிய செலவுகளில் பெரியது இதுதான்.

மூடியபின் தடித்த துவாயின்மேல் வையுங்கள். மைக்ரோஃபைபர் துணியில் 70% ஐசோபுரோப்பைல் அல்கஹோலைச் சிறிது நனைத்து மேல்மூடியைத் துடையுங்கள். லப்டொப்பில் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்தான் கிடைத்தது என்றால், ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுக் காயவையுங்கள். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அது உதவாது, சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். ஹேண்ட் சனிடைசர் ஜெல்லும் படலம் விடும். கடற்காற்றில் கிடந்த மூடியில் உப்புப் படிந்திருக்கும். அல்கஹோல் உப்பைச் சரியாகக் கரைக்காது. முதலில் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, அடுத்து உலர்ந்த துணி, கடைசியில் அல்கஹோல் என்ற ஒழுங்கில் துடையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள், தூசி பறக்கும்.

எல்லா ஸ்டிக்கரையும் அடித்தாளோடு மூடியில் பரப்பி அடுக்கிப் பார்த்து, ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து 5 மில்லிமீற்றராவது உள்ளே இருக்கட்டும். பெரிய ஸ்டிக்கரை நடுவில் ஒரு மாஸ்கிங் டேப்பால் மூடியோடு பிடித்துக்கொண்டு, ஒரு பாதியின் அடித்தாளை உரித்து வெட்டி எடுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, துணி சுற்றிய பழைய வங்கி அட்டையால் மெல்லத் தள்ளி ஒட்டுங்கள். பிறகு டேப்பைக் கழற்றி மற்றப் பாதி. கை நடுங்கினாலும் கோணாது. வாகனத்துக்கு ஒட்டுவதுபோல் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறையை இங்கே பாவிக்காதீர்கள், வழியும் தண்ணீர் பிணைச்சல் வழியாக உள்ளே போகும்.

குமிழி வந்தால் அதன் ஓரத்தில் மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டு, காற்றைத் துளைப்பக்கமாகத் தள்ளுங்கள். ஊசியைச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே குத்தினால் மூடியில் புள்ளி விழும். ஒட்டியபின் ஒரு நாள் பையில் போடாதீர்கள், ஈரத்துணியும் படக்கூடாது. பசை முழுதாகப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

உரிக்கும் நாள்

சூடுதான் சாவி, ஆனால் மூடியின் மறுபக்கம் திரை இருக்கிறது. லப்டொப்பை அணைத்தபின் ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில், 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, அசைத்தபடி 20 செக்கன் காட்டுங்கள். உள்ளங்கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், கை எடுக்கத் தோன்றினால் கூடிவிட்டது. மக்புக்குகளைச் சேமித்து வைக்க அப்பிள் தரும் உச்ச வெப்பநிலையே 45 பாகை செல்சியஸ்தான். ஹீட் கன்னை இதற்கு எடுக்கவே கூடாது. வெயிலில் வைத்து இளக்குவதும் வேண்டாம், முழு லப்டொப்பும் சூடாகும்.

மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன்மேலேயே மடித்து மூடியை ஒட்டியபடி மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் என்ற வேகம் போதும். இறுகினால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். தடித்த குமிழ் ஸ்டிக்கர் மடியாது. அதற்குத் தங்கூசியில் (நைலோன் மீன்பிடி நூலில்) மெல்லிய ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பிடித்து, அடியில் வாள் அறுப்பதுபோல் அறுத்துச் செல்லுங்கள். கத்தி, பிளேட், ஸ்குரூடிரைவர் எதுவும் தேவைப்படாது.

மிஞ்சிய பசையை முதலில் பெருவிரலால் உருட்டிப் பாருங்கள், பாதி அப்படியே திரண்டு வரும். மீதிக்குத் தேங்காய் எண்ணெய். பஞ்சில் தொட்டு 10 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். கடுதாசி மிச்சத்துக்கும் இதுவே மருந்து. அலுமினியத்தில் யூகலிப்டஸ் தைலம் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் சில பிளாஸ்டிக்குகளை அது மங்கவைக்கும். நெயில் பொலிஷ் ரிமூவர், தின்னர், பெற்றோல் மூன்றும் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கெடுக்கும். அசெட்டோன் பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஒரு நொடியில் இளகி வெள்ளையாகும், அதைத் திருத்த வழியில்லை.

சில வெளிர்நிற மூடிகளில் எல்லாம் துடைத்தபின்னும் ஸ்டிக்கர் இருந்த வடிவம் தெரியும். அது கறை அல்ல. சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளடித்துவிட்டது, மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. அதைவிடச் சற்றுப் பெரிய ஸ்டிக்கர் ஒன்றை அளவெடுத்து வெட்டுவிப்பதுதான் வழி.