ரயில் கழிப்பறை நாறினால் 139

இரவு ரயிலில் ஏறியதும் செருப்பைக் கழற்றும் முன் ஒருமுறை கழிப்பறையை எட்டிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஃப்ளஷ் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நடு இரவில் தெரிந்து என்ன பயன்?

சரியில்லை என்றால் டிடிஇ-யைத் தேடி அலைய வேண்டாம். ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழையுங்கள், அல்லது ரயில்வேயின் புகார் செயலியான ரயில் மதத்தில் (Rail Madad) போடுங்கள். டிக்கெட்டில் உள்ள 10 இலக்க பிஎன்ஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "கழிப்பறை மோசம்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "எஸ்5, 72-ஆம் பெர்த் பக்கம், இடது கழிப்பறை, தண்ணீர் இல்லை" என்று எழுதி, ஒரு படமும் சேருங்கள். தண்ணீர்ப் பிரச்சினையை அடுத்த பெரிய சந்திப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஓடும் ரயிலில் தொட்டியை நிரப்ப முடியாது. புகார் பற்றிக் கருத்துக் கேட்டால், வேலை முடியாமல் "திருப்தி" என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

அப்புறம், ஏசி பெட்டியின் கம்பளி. அதை மாதம் ஒரு முறையாவது துவைப்பதாக 2024-இல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒவ்வொரு பயணத்துக்கும் அல்ல! கூடுதலாகத் தரும் விரிப்பு அதற்குத்தான்: உடம்பில் படும் பக்கம் விரிப்பு, மேலே கம்பளி. பொட்டலம் பிரித்திருந்தாலோ விரிப்பு ஈரமாக இருந்தாலோ கூச்சப்படாமல் வேறு கேளுங்கள். நான் வீட்டிலிருந்தே ஒரு பழைய பருத்திப் போர்வையை எடுத்துக்கொண்டு போகிறேன்.