ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வீட்டிலேயே மீட்பது: வேகத்துக்கு முன் பின்சக்கரம்

1961 முதல் மதராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தாத்தா காலத்துக் குடும்பக் கார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதன் சேஸ் அமைப்பைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் வந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிகெலோட்டி. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின்பக்கக் குறுக்குப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) எல்லாம் ஒரே ஜாதி. அதனால் பாளையங்கோட்டையில் ஒரு தொழுவத்தில் தூசி மூடி நிற்கும் ஹெரால்டில் ஸ்பிட்ஃபயரின் சாமான்கள் பல அப்படியே உட்காரும். வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

வெட்டக் கூடாது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021-இல் வந்த விண்டேஜ் வண்டிப் பதிவு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனி நம்பர் வாங்கலாம். சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மாறாமல் இருந்தால்தான் அது கிடைக்கும். அந்த நம்பரில் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். எந்தப் பதிவாக இருந்தாலும் ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஸ்பேனரைத் தொடும் முன் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், பிறகுதான் பட்டறை.

கருவிகள்

இது இன்ச் கணக்கு வண்டி. 7/16, 1/2, 9/16 ஸ்பேனரும் பாக்ஸும் வேண்டும். 1/2 இன்ச் நட்டில் 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் 0.3 மி.மீ. ஆடும். துரு பிடித்த நட்டு அந்த ஆட்டத்திலேயே முனை மழுங்கிவிடும். டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு நட்டை இறுக்க), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் மானி), நாலு ஆக்ஸில் ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

பாடியும் சேஸும்

பாடி தனி, சேஸ் தனி. பானெட்டையும் கதவுகளையும் கழற்றிவிட்டால் மிச்ச பாடியை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து நாலு பேர் தூக்கிவிடலாம். அவசரப்பட்டு போல்ட்டைக் கழற்றுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே உருப்படியாகத் தூக்குவதானால், முதலில் கதவு இடைவெளியில் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை 1 இன்ச் சதுரக் குழாய் ஒன்றை வெல்டு வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் துருவேறிய தரை வளைந்து, பிறகு கதவு மூடவே மூடாது. பாடிக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகள்) எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். கதவு இடுக்கு சமமாக வருவது டிங்கர் அண்ணாச்சி கையில் இல்லை, இந்த ஷிம்களில்தான் இருக்கிறது.

துரு பார்க்க ஸ்க்ரூ டிரைவர் போதும். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கிக்கு அடியில் உள்ள கைகள், டிஃபரன்ஷியலைச் சுற்றியுள்ள சேஸ் பகுதி ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடிய வண்டியில் உப்புக்காற்று ஒரு பக்கம் என்றால், திசையன்விளைத் தேரியின் செம்மணல் இன்னொரு பக்கம். பாடியின் அடிமடிப்புக்குள் புகுந்த மணல் ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சேஸுக்கு 2 மி.மீ. தகடு, தரைக்கு 1 மி.மீ. தகடு. 1 மி.மீ.யில் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். சிஓடூ வெல்டிங் வைக்கும் பட்டறைக்குப் போங்கள். அதற்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் வண்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ட்ரன்னியன்: எண்ணெய், கிரீஸ் அல்ல

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மறை இருக்கும். அது பித்தளை நிற ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறையில்தான் சக்கரம் சுழல்கிறது. இதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். ஊரில் எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார். கிரீஸ் மறைக்குள் இறங்காமல் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே நிற்கும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் திருப்பத்தில் முறியும். சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்கார்ந்துவிடும்.

அதனால் கழற்றிய தண்டை அப்படியே மாட்டாதீர்கள். மறையை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பாருங்கள். மறை முடியும் இடத்தில் குழி விழுந்திருந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். இடப்பக்கத்து மறையும் வலப்பக்கத்து மறையும் எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது. ஒரு கிரீஸ் கன்னை இந்த ஆயிலுக்கென்றே ஒதுக்கி, மேலே ஆயில் கசியும்வரை அடியுங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை.

பின்சக்கரம்

ஹெரால்டின் பின் ஆக்ஸில் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் தனித்தனியாக ஊஞ்சல் போல ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுழலும். எஞ்சினுக்கு வலு ஏற்றும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் ஆபத்து.

மலிவான வழி, டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவே 25 மி.மீ. உலோகக் கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போட்டுப் பின்பக்கத்தை இறக்குவது. நல்ல வழி, 1970-க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயரின் ஸ்விங் ஸ்பிரிங். அதில் அடிப்பட்டை மட்டுமே இறுக்கப்பட்டிருக்கும், மற்றவை நடுவில் அசைந்து கொடுக்கும். அதனால் வண்டி சாயும்போது சக்கரம் மடங்குவது வெகுவாகக் குறையும். இதைப் போட்டால் முன்பக்கம் தடிமனான ஆன்டி ரோல் பாரும் (சாய்வைக் குறைக்கும் கம்பி) போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தொட்டில் மாதிரி சாயும். பின் ஹப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். அது கூம்புத் தண்டில் இறுகி நிற்பது. தகுந்த புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் தொட்டால் தண்டு வளையும். லேத் பட்டறையில் தடித்த தகட்டில் ஒரு புல்லர் செய்து வாங்கிவிடலாம்.

பிரேக்

நம்மூர் ஹெரால்டில் நாலும் டிரம். முன்னால் டிஸ்க் மாற்றுவதானால் ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட், ஹோஸ், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். துண்டு துண்டாகச் சேர்த்தால் பெடல் கல்லாகும் அல்லது பஞ்சாகும். டயருக்குத் தேட வேண்டாம். இப்போதைய சிறிய கார்களுக்கு வரும் 145/80 ஆர்13 பொருந்தும்.

எஞ்சின்

948 சி.சி., சுமார் 35 குதிரைத்திறன். பிரிக்கும் முன் ஒரு சோதனை: கிராங்க் புல்லியில் டயல் கேஜை வைத்து, ஒருவரை கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லுங்கள். முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை நழுவி சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். சம்ப்பை இறக்கினால் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். பள்ளக்கோடு உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே நோக்கி 20, 35, கடைசியாக 42 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். வால்வ் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.25 மி.மீ. எட்டு வால்வுகளையும் முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால் கணக்கு எளிது: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழியுங்கள், வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யுங்கள். 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. ஃபயரிங் வரிசை 1-3-4-2, டெல்கோவில் (டிஸ்ட்ரிபியூட்டர்) பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. அதை நம்பிச் செய்தவை இந்த எஞ்சினின் வால்வ் சீட்டுகள் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்). ஹெட் லேத்துக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் அடிக்கச் சொல்லுங்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து, சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது கொதிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். எலெக்ட்ரிக் ஃபேன் மாட்ட ஆசையிருந்தால், 22 ஆம்பியர் டைனமோவோடு ஹெட்லைட்டையும் அதையும் சேர்த்து ஓட்ட முடியாது என்பதையும் யோசியுங்கள். ஆல்டர்னேட்டர் போடும் முன் வண்டி பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) என்று பேட்டரி ஒயரைப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் மாட்டினால் டயோடு அந்த நொடியே போகும்.

பெயிண்ட்

மாசி, பங்குனியில் அடித்து முடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். தென்காசிப் பக்கம் சாரல் ஈரத்தில் பெயிண்ட் வெளிறிப்போகும். பட்டி 2 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் நேராகவில்லை என்று பொருள், திரும்ப டிங்கரிங்.

முதல் 50 கி.மீ. தெருவுக்குள்ளேயே ஓட்டுங்கள். பிறகு ஆலங்குளம் வழியாகத் தென்காசி வரை 60 கி.மீ. வேகத்துக்குள் ஒரு ஓட்டம். நான்குவழிச் சாலை அப்புறம். 500 கி.மீ.யில் 20டபிள்யூ-50 ஆயிலை மாற்றி, எஞ்சின் முழுதாக ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி 42-க்கு இறுக்கி, வால்வ் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். ஹெட்டை இறுக்கினால் அந்த இடைவெளி குறைந்திருக்கும்.