கார் பயணத்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் அரசு தரும் மானியத்தை ஒப்பிடுவது எப்படி?

பேருந்துக்கும் ரயிலுக்கும் அரசு தரும் தொகை நிதிநிலை அறிக்கையில் பெரும்பாலும் மானியம் என்ற பெயரிலேயே இடம்பெறுகிறது. கார் ஓட்டுவோருக்குக் கிடைக்கும் உதவியோ பல துறைகளின் கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டுவதிலேயே இந்த வேலையின் பெரும்பகுதி கழியும்.

நாட்டு அரசு, மாநிலம், உள்ளாட்சி ஆகிய மூன்றின் சாலைச் செலவுகளையும் ஒரே நிதியாண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக் காவல், சிக்னல் போன்றவற்றை வேறு தலைப்புகளில் தேட வேண்டியிருக்கும். எளிதில் விடுபடுவது வாகன நிறுத்துமிடம்: தெருவோரத்தில் இலவசமாக நிறுத்த விடப்படும் பொது நிலத்துக்கு வாடகை மதிப்பு உண்டு என்றாலும், அது எந்தக் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

அடுத்து, ஓட்டுநர்கள் செலுத்தும் எரிபொருள் வரி, வாகன வரி, சுங்கக் கட்டணம் ஆகியவற்றைக் கழியுங்கள். எல்லாப் பொருள்களுக்கும் உள்ள பொது விற்பனை வரியைச் சாலைக்கான கட்டணமாகக் கொள்வது என் பார்வையில் சரியல்ல. அமெரிக்காவில் பெட்ரோல் மீதான கூட்டாட்சி வரி 1993 முதல் காலனுக்கு 18.4 சென்ட்டாகவே நிற்கிறது. அந்த வரி சேரும் நெடுஞ்சாலை நிதியம் வற்றாமலிருக்க 2008 முதல் பொது வருவாயிலிருந்து பலமுறை பணம் மாற்றப்பட்டிருக்கிறது. அதே வரியில் 2.86 சென்ட் பொதுப் போக்குவரத்துக் கணக்குக்குப் போகிறது என்பதால், அந்தத் தொகையை இரு பக்கமும் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுப் போக்குவரத்தில் இயக்கச் செலவிலிருந்து பயணச்சீட்டு வருவாயைக் கழித்தால் கிடைப்பது இயக்க மானியம். மாணவர், முதியோர் சலுகைகளைத் தனியே குறியுங்கள். அவை சமூகநலச் செலவாகவும் இருக்கலாம். புதிய ரயில் பாதையின் செலவை ஒரே ஆண்டில் ஏற்றாமல் அதன் ஆயுட்காலத்துக்குப் பகிருங்கள். பாலங்களுக்கும் சாலைகளுக்கும் அதே விதிதான்.

சாலையின் முழுச் செலவையும் கார்களின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து, வாகனத்தின் ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலைச் சேதம் கூடுகிறது (எடை இரட்டித்தால் சேதம் சுமார் பதினாறு மடங்கு) என்ற விதி பெறப்பட்டது. எனவே தேய்மானச் செலவில் பெரும்பங்கு லாரிகளுக்கும், ஓரளவு பேருந்துகளுக்கும் உரியது. சாலையை அகலப்படுத்தும் செலவை மட்டும் நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு வகை வாகனமும் பிடிக்கும் இடத்தைக் கொண்டு பகிரலாம்.

இரு தொகைகளையும் பயணி-கிலோமீட்டருக்கும் (ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் செல்வது), ஒரு பயணத்துக்கும் எனத் தனித்தனியே வகுத்துப் பாருங்கள். நகரத்துக்குப் பின்னதையே நான் நம்புவேன், ஏனெனில் வேலைக்குப் போக நாற்பது கிலோமீட்டர் ஓட்டுபவர் இரண்டு கிலோமீட்டர் செல்பவரைவிட இருபது மடங்கு பயனடைந்துவிடுவதில்லை. ஆள் குறைவாக ஏறும் தடங்களில் ஒரு பயணிக்கான பேருந்து மானியம் காருக்கானதைவிடக் கூடுதலாக வரலாம், வந்தால் மறைக்காதீர்கள்.

மாசு, விபத்து, நெரிசல் ஆகியவற்றின் சுமையை வேறு பத்தியில் எழுதுங்கள். எல்லாப் பயன்பாடுகளுக்குமான புதைபடிவ எரிபொருள் மானியம் 2022இல் 7 லட்சம் கோடி டாலர் என்று சர்வதேச நாணய நிதியம் மதிப்பிட்டது. அதில் நேரடி மானியம் 1.3 லட்சம் கோடி மட்டுமே; மீதி பெரும்பாலும் மாசு போன்ற சுமைகளின் மதிப்பு. இவ்விரண்டையும் கலந்து எழுதினால், எதிர்வாதம் செய்பவர் உங்கள் கணக்கு முழுவதையும் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.