ரெச்சட் பெல்ட்: இழுக்கவும் பிடிக்கவும், தூக்க அல்ல

லொறியில் நெல் மூட்டை கட்ட வாங்கிய ரெச்சட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் நாடா, கராஜில் இன்னொரு ஆளின் வேலையைச் செய்யும். அக்சில் நாலைந்து மில்லிமீட்டர் பின்னுக்கு நிற்கிறது, மவுண்ட் போல்ட்டின் ஓட்டை நேர்ப்படவில்லை என்ற இடங்களில் அலவாங்கு போட்டு நெம்புவதைவிட இது எவ்வளவோ மேல். அலவாங்கை ஒருவர் பிடித்தபடியே நிற்க வேண்டும், கை தளர்ந்தால் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும். பெல்ட் இழுத்த இடத்தில் நிற்கும், இரண்டு கையும் போல்ட் போட மிஞ்சும்.

25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, 50 மில்லிமீட்டரில் இரண்டு இருந்தால் அனேக வேலைக்குப் போதும். வாங்கும்போது லேபலைப் பாருங்கள். ஐரோப்பிய அளவுமுறையில் செய்ததென்றால் நீல லேபல் பொலியெஸ்டர், பச்சை நைலோன், கபிலம் பொலிப்ரொப்பிலீன். நீலத்தை எடுங்கள். 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் ‘எல்.சி. 2500 டெக்கா நியூட்டன்’ என்றிருந்தால் (எல்.சி. என்பது தாங்கும் அளவு) நேராக இழுக்கையில் சுமார் இரண்டரைத் தொன் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் கைப்பிடியை ஐம்பது கிலோ விசையில் இழுக்கும்போது சாதாரண ரெச்சட் பெல்ட்டில் ஏற்றுவது முன்னூறு கிலோ அளவுதான். கைப்பிடியில் பைப் போட்டு நீட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கைப் பலத்துக்கு அசையாத சாமான் வேறெங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்ம பக்கத்து உப்புக் காற்றில் அது பெரும்பாலும் துருவேறி இறுகிய புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள றப்பர் உறை), அல்லது கழற்ற மறந்த ஒரு போல்ட். பைப் போட்டால் முதலில் வளைவது ரெச்சட்டின் சட்டம்.

பெல்ட்டை மாட்டும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. நுனியை, பெல்ட்டைச் சுற்றி இழுக்கும் நடுத் தண்டின் வெட்டுக்குள் விட்டு, தளர்வு முழுவதையும் கையால் இழுத்து எடுத்த பிறகே கைப்பிடியை ஆட்டத் தொடங்குங்கள். இறுக்கி முடிக்கையில் தண்டில் குறைந்தது ஒன்றரைச் சுற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுகும். மூன்றுக்கு மேல் போனால் சுற்று தடித்து இழுவை குறையும், சட்டத்தில் உரசிச் சிக்கும். பெல்ட் முறுக்கிக் கிடந்தாலும் ஒரு பக்கமாய் ஒதுங்கிச் சுற்றினாலும் அதே கதிதான். கொக்கியின் நுனியில் பாரம் விழக்கூடாது, அடி வளைவில் உட்கார வேண்டும். செசியின் கூர் ஓரத்தில் பெல்ட் படுமிடத்தில் பழைய டியூப் துண்டொன்றை மடித்து வையுங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விசயம். ரெச்சட்டை விடுவிக்க, அதன் பல்லைப் பிடித்திருக்கும் நாக்கை இழுத்துக் கைப்பிடியை முழுதாகத் தட்டையாகத் திறக்கும்போது தண்டு சுயமாகச் சுழலும். அதாவது பாரம் மெல்ல மெல்ல இறங்காது, ஒரேயடியாக விடும். மாமரக் கிளையில் பெல்ட் போட்டு எஞ்சின் தூக்குவதைச் சில இடங்களில் காணலாம். ஏற்றும்போது ஒன்றும் நடக்காது, இறக்கும்போதுதான் கை போகும். தூக்குவதற்குச் செயின் புளொக் அல்லது ஜக். பாரத்தை அவை தாங்கட்டும், பெல்ட் பக்கவாட்டில் மட்டும் இழுக்கட்டும்.

வானின் பின் ஸ்பிரிங் மாற்றும்போது

பின்பக்கம் ஸ்பிரிங் தகடு உள்ள வான்களிலும் சிறு லொறிகளிலும் பெல்ட் கட்டாயம் வேண்டும். புதுத் தகட்டுக் கட்டு ஏறியதும், தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அக்சிலில் உள்ள குழிக்கு நேரே வராது, கொஞ்சம் முன்னோ பின்னோ நிற்கும். அதைக் குழிக்குள் இறக்காமல், ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை இறுக்கிவிட்டால் அக்சில் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முன் சில்லுகளுக்குத் தடை வைத்து, செசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கல்லடியிலிருந்து கல்முனை வரை கரையோர வளவெல்லாம் மணல் என்பதால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஓரடி அகலமான தடித்த பலகை வேண்டும். அக்சிலைத் தாங்கும் ட்ரொலி ஜக் உருளக்கூடிய தரையில் நிற்க வேண்டும். பெல்ட் இழுக்கும்போது ஜக்கும் கூடவே நகரும். மணலில் அதன் சில்லு புதைந்திருந்தால் அக்சில் போகும், ஜக் நிற்கும், பிறகு சரியும். சீமெந்துத் தரை இல்லாவிட்டால் ஒரு தடித்த இரும்புத் தகடு போடுங்கள்.

ஒரு கொக்கியைச் செசியின் குறுக்குச் சட்டத்தில் மாட்டுங்கள். பம்பரிலோ எண்ணெய்த் தாங்கியின் பிறக்கற்றிலோ அல்ல. பெல்ட்டை வேலை செய்யும் பக்கத்து ஸ்பிரிங்குக்குக் கிட்டவாக அக்சிலைச் சுற்றி எடுங்கள். பிரேக் பைப்பும் ஹேன்ட் பிரேக் கேபிளும் அதற்குள் அகப்படக் கூடாது. இழுவை தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும், மேல்நோக்கிச் சாய்ந்தால் பாதி விசை அக்சிலைத் தூக்குவதிலேயே போய்விடும். யூ போல்ட் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு ஒரு கிளிக், டோர்ச் அடித்துக் குழியைப் பார்ப்பது, பிரேக் ஹோசில் தளர்வு மிச்சமா என்று பார்ப்பது, பிறகு அடுத்த கிளிக். நேர்ப்பட்டதும் ஜக்கை ஒரு சொட்டு அசைத்தால் போல்ட் தலை ‘டக்’ என்று உட்காரும். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கிய பிறகே பெல்ட்டை விடுங்கள். ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் நுனியைச் செசியோடு இணைக்கும் துண்டு), புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, சில்லு தரையில் ஊன்றி வண்டிப் பாரம் விழுந்த பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருந்து கெதியாய்க் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மீண்டும் பாருங்கள்.

எஞ்சின் மவுண்டுக்கும் இதே முறைதான். சிறிய கார்களில் ஒரு மவுண்டைக் கழற்றியதும் எஞ்சின் சரியும். கீழே மரக்குற்றி வைத்து ஜக்கால் தாங்கி, 25 மில்லிமீட்டர் பெல்ட்டால் பக்கவாட்டில் இழுத்து ஓட்டையை நேர்ப்படுத்துங்கள். சைலன்சர் பக்கம் பெல்ட் போகிறதென்றால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பொலியெஸ்டருக்கு நூறு பாகை தாண்டிய சூடு ஆகாது.

காற்றுப் பிடிக்காத டியூப்லெஸ் டயர்

நாட்பட அடுக்கிக் கிடந்த டயரின் இரு வாயும், அதாவது றிம்மில் உட்காரும் ஓரங்கள், உள்ளே ஒடுங்கியிருக்கும். றிம்மில் ஏற்றிக் காற்றடித்தால் சுற்றிவரக் கசியும், நிரம்பாது. டயர் ஓடுபரப்பின் நடுவில் பெல்ட்டைச் சுற்றி இறுக்கினால் நடு அமுங்கி, இரு பக்கமும் வெளியே தள்ளி, வாய் றிம்மில் முட்டும். முன்னதாக வாயில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிடுங்கள், காற்று வேகமாகப் போகும். வாய் பிடித்துக் கசிவு நின்றதும், பத்து பி.எஸ்.ஐ. அளவிலேயே காற்றை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் டயர் ஊத ஊதப் பெல்ட் இறுகி, நாக்கைத் திறக்கவே முடியாது போகும். பிறகு மீதிக் காற்று. நாற்பதுக்கு வந்தும் வாய் உட்காராவிட்டால் மேலே போகாதீர்கள், காற்றை இறக்கி மறுபடி சவர்க்காரம் போடுங்கள். பெற்றோல் தெளித்துக் கொளுத்தி டயர் ஏற்றும் வித்தையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

வளைந்த பம்பரைத் தென்னையில் கட்டி இழுப்பதும் நடக்கும். மரத்துக்குச் சாக்கு சுற்றுங்கள், பெல்ட்டின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம், நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டால் அறுந்தாலும் வீச்சு குறையும். தகடு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் தேவைக்குச் சற்று மேலே இழுக்க வேண்டும்.

இறுகிச் சிக்கிய ரெச்சட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கும் பக்கம் தள்ளினால் நாக்கின் மேலுள்ள பாரம் விலகும், அப்போது இழுத்துத் திறக்கலாம்.

மணல் நாருக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய் பல்லுக்கும் நாக்குக்கும் மட்டும். எஞ்சின் சாமான் கழுவும் கோஸ்டிக் சோடா பொலியெஸ்டரைத் தின்னும், பற்றரி அசிட் நைலோனைத் தின்னும். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்து விறைத்ததும், ஓரத்தில் வெட்டு விழுந்ததும், முடிச்சுப் போட்டு இழுத்ததும் இனி இழுவைக்கு உதவாது. அதில் நல்ல பகுதியை ஓரடித் துண்டுகளாக வெட்டி வைத்தால், அடுத்த பெல்ட்டுக்குச் செசி ஓரத்தில் மடித்து வைக்கலாம்.